ஆலை வாசலில் நின்றுவிட்ட சட்டம்

ஒரு சிகரெட்டின் நீளம் இந்திய அரசுக்கு மில்லிமீட்டர் சுத்தமாகத் தெரியும். ஃபில்டர் உள்ளதா இல்லாததா, 65 மில்லிமீட்டருக்குள் அடங்குமா, 70-ஐத் தாண்டுமா, 75-ஐத் தாண்டுமா என்று தரம் பிரித்து, ஆயிரம் சிகரெட்டுக்கு இத்தனை ரூபாய் என வரி விதிப்பது நெடுநாள் வழக்கம். குட்கா ஆலைகளிடம் கணக்கு இன்னும் கறாராக இருந்தது. எவ்வளவு தயாரித்தோம் என்று முதலாளிகள் சொல்லும் கணக்கை நம்ப முடியாமல் 2008-இல் ஒரு விதி கொண்டுவரப்பட்டது. பொட்டலம் போடும் இயந்திரங்களை எண்ணி, இயந்திரத்துக்கு மாதம் இவ்வளவு என்று வசூலிக்கும் முறை அது. ஓடாத இயந்திரத்துக்குக் கலால் அதிகாரி நேரில் வந்து முத்திரை வைப்பார். மறுபடி ஓட்ட வேண்டுமென்றால் அவருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

ஆக, புகையிலை ஆலைக்குள் நுழைய அரசுக்கு வழி தெரியாமல் இல்லை. வரி என்று வந்தால் இயந்திரம் வரைக்கும் போய் நிற்கிறது. அந்த இயந்திரத்திலிருந்து வெளியே விழும் பொட்டலத்தில் நிகோடின் எவ்வளவு, புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமைன்கள் எவ்வளவு, சுவைக்கும் மணத்துக்கும் எதைச் சேர்த்தார்கள் என்ற கேள்வி வரும்போதுதான் கால்கள் வாசலிலேயே நின்றுவிடுகின்றன.

சட்டத்தில் இடமில்லை என்றும் சொல்ல முடியாது. கோட்பா என்று சுருக்கமாக அழைக்கப்படும் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நாடாளுமன்றம் 2003-இல் நிறைவேற்றியது. அதன் 7ஆம் பிரிவின் 5ஆம் உட்பிரிவு தெளிவாகவே பேசுகிறது. சிகரெட்டோ வேறு எந்தப் புகையிலைப் பொருளோ, அதிலுள்ள நிகோடின், தார் அளவையும் அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பையும் பொட்டலத்தில் குறிப்பிடாமல் தயாரிக்கவே கூடாது. அந்த உச்சவரம்பைத் தாண்டவும் கூடாது. அளவைச் சோதிக்க ஆய்வகங்களை அங்கீகரிக்கும் அதிகாரத்தை 11ஆம் பிரிவு தருகிறது. நொய்டா, மும்பை, குவாஹாட்டி ஆகிய மூன்று இடங்களில் தேசியப் புகையிலைச் சோதனை ஆய்வகங்களும் அமைந்துவிட்டன. உச்சவரம்பு எத்தனை மில்லிகிராம் என்ற எண்ணை மட்டும், சட்டம் வந்து இருபது ஆண்டுகள் கடந்த பின்னும், யாரும் விதியாக எழுதவில்லை. கடையில் தொங்கும் எந்தப் பொட்டலத்திலும் அந்த ஆய்வகங்களின் சுவடு இல்லை.

அதே சட்டத்தின் மற்றப் பிரிவுகள் நன்றாகவே வேலை செய்தன என்பதை மறுக்கக் கூடாது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு விற்பனை இல்லை. பள்ளி, கல்லூரியைச் சுற்றி நூறு கஜத்துக்குள் கடை இல்லை. 2016 ஏப்ரல் முதல் பொட்டலத்தின் 85 சதவீதப் பரப்பை எச்சரிக்கைப் படம் அடைத்துக்கொண்டது. பேருந்திலும் திரையரங்கிலும் பக்கத்து இருக்கைக்காரரின் புகையை விழுங்கிய ஒரு தலைமுறைக்கு இந்த மாற்றத்தின் அருமை தெரியும். ஆனால், இவை அத்தனையும் பொருள் ஆலையை விட்டு வெளியே வந்த பிறகு நடப்பவை. புகைப்பவரை, விற்பவரை, பொட்டலத்தின் மேலட்டையைக் கட்டுப்படுத்துபவை. செய்பவர் என்ன செய்கிறார் என்பதை எதுவும் தொடவில்லை.

தமிழகம் இதன் விலையை நேரடியாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

குட்காவுக்கு எதிராக முதலில் எழுந்த மாநிலங்களில் தமிழகமும் ஒன்று. 2001-லேயே இங்கு தடை வந்தது. அப்போதிருந்த உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின் கீழ் மாநிலங்கள் போட்ட அத்தகைய தடைகள் செல்லாது என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறகு உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2011-இல் அதன் கீழ் எழுதப்பட்ட ஒழுங்குமுறை, எந்த உணவுப் பொருளிலும் புகையிலையோ நிகோடினோ சேர்க்கப்படக் கூடாது என்றது. சுருக்கமான, உறுதியான வாக்கியம். பாக்கு, சுண்ணாம்பு, கத்தக்காம்பு, வாசனைப் பொருள், புகையிலை எல்லாம் ஒரே பொட்டலத்தில் கலந்து வரும் குட்காவுக்கு அது முடிவு கட்டியிருக்க வேண்டும். மாநிலங்கள் ஒவ்வொன்றாகத் தடை அறிவித்தன. தமிழகம் 2013 மே மாதத்தில் அறிவித்தது.

ஆலைகள் கண்டுபிடித்த மாற்றுவழி மிக எளியது. ஒரு பொட்டலத்தை இரண்டாக்கினார்கள். பான் மசாலா ஒரு சரம், புகையிலை இன்னொரு சரம். இரண்டும் கடையில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. வாங்குபவர் இரண்டையும் கிழித்து உள்ளங்கையில் கொட்டி, கட்டைவிரலால் நாலு தேய்ப்புத் தேய்த்து வாயில் போட்டுக்கொண்டார். ஆலையில் நடந்துகொண்டிருந்த கலவை வேலை அவர் கைக்கு மாறியது, அவ்வளவுதான். உணவு ஒழுங்குமுறையின்படி பான் மசாலாவில் புகையிலை இல்லை. புகையிலைப் பொட்டலம் உணவே இல்லை என்று தயாரிப்பாளர்கள் வாதிட்டார்கள். இந்தத் தந்திரம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2016 செப்டம்பரில் தடையை முழுமையாக நடைமுறைப்படுத்துமாறு மாநிலங்களுக்கு உத்தரவு வந்தது. இரட்டைப் பொட்டலம் இன்றும் இருக்கிறது.

தமிழகத்தின் தடைக்கு வேறொரு பலவீனமும் உண்டு. உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு இருக்கும் அவசர அதிகாரத்தைக் கொண்டு ஓராண்டுக்கு மட்டும் தடை விதிக்கலாம். அந்த ஓராண்டுத் தடையைத்தான் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பித்து ஓட்டினார்கள். அப்படித் தொடர்ந்து நீட்டிக்க ஆணையருக்கு அதிகாரமில்லை என்று 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அறிவிக்கையை ரத்து செய்தது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்கு இடைக்காலத் தடை கொடுத்ததால் தடை பிழைத்தது. லட்சக்கணக்கானவர்களின் வாயையும் தொண்டையையும் காக்க வேண்டிய ஏற்பாடு, ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒரு தாளில் தொங்குகிறது.

இந்த நிலையில் காவல் துறையும் உணவுப் பாதுகாப்புத் துறையும் என்ன செய்யும்? கடையைச் சோதிக்கும். பெட்டிக்கடைக்காரர் மிட்டாய் ஜாடிக்குப் பின்னால் வைத்திருந்த பத்துப் பொட்டலத்தைப் பிடிக்கும். அபராதம் போடும், கடைக்குச் சீல் வைக்கும். வெளிமாநிலத்திலிருந்து வெங்காய மூட்டைக்கு நடுவே வந்த சரக்கைப் பிடித்து, மூட்டைகளை வரிசையாக அடுக்கிப் படம் எடுத்துப் பத்திரிகைகளுக்குக் கொடுக்கும். இந்த வேலை தேவையில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால், அந்தச் சரக்கில் பெரும்பகுதி வேறொரு மாநிலத்தில் உரிமத்தோடு, வரி கட்டி, இயந்திரத்தில் தயாரானது. செய்வது அங்கே சட்டபூர்வம், வைத்திருப்பது இங்கே குற்றம். 2016-இல் சென்னையில் ஒரு குட்கா தயாரிப்பாளரிடம் நடந்த வருமான வரிச் சோதனையில் சிக்கிய குறிப்புகளில் லஞ்சக் கணக்கு இருந்ததாகச் சொல்லப்பட்டு, 2018-இல் உயர் நீதிமன்றம் அந்த வழக்கை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. தடையைக் கடை மட்டத்தில் மட்டும் நிறுத்தினால், கடைக்கும் ஆலைக்கும் இடையிலுள்ள தூரம் முழுக்கப் பணம் பேசும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

2024 செப்டம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் எழுந்த கேள்வி இதைவிடக் கூர்மையானது. ‘கூல் லிப்’ என்ற பெயரில் விற்கப்படும் பொருளைப் பள்ளி மாணவர்கள் பயன்படுத்துவது குறித்து நீதிமன்றம் கவலை தெரிவித்தது. இதை ஏன் நாடு முழுவதும் பாதுகாப்பற்ற உணவு என்று அறிவிக்கக் கூடாது என்று ஒன்றிய அரசைக் கேட்டது. அந்தப் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தால் நீதிமன்றத்தின் பதற்றம் புரியும். விரல் நுனி அளவுக்கு ஒரு வெள்ளைப் பை. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே செருகிக்கொண்டால் வெளியே தெரியாது. மெல்ல வேண்டாம், துப்ப வேண்டாம், நாற்றமும் இல்லை. புதினாவின் குளிர்ச்சிதான் இருக்கும். வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாணவன் வாயில் வைத்திருந்தாலும் ஆசிரியருக்குத் தெரியாது. துப்பக் கூச்சப்படுபவருக்கும், காரம் தாங்காதவருக்கும், முதல்முறை பழகுபவருக்கும் ஏற்றபடி வடிவமைத்த பண்டம் இது. அந்தப் பையின் அளவும் அதன் குளிர்ச்சியும் ஆலையில் எடுக்கப்பட்ட முடிவுகள். தடுக்க வேண்டிய இடமும் ஆலைதான்.

அமெரிக்கா இதைக் காலம் கடந்தாவது உணர்ந்தது. அங்கே 2009-இல் வந்த சட்டம் புகையிலைப் பொருட்களை உணவு, மருந்து நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்தது. தயாரிப்பாளர்கள் ஆலையைப் பதிவு செய்ய வேண்டும், என்னென்ன சேர்க்கிறோம் என்று பட்டியல் கொடுக்க வேண்டும், இரண்டாண்டுக்கு ஒருமுறை ஆய்வுக்கு உட்பட வேண்டும். பழம், சாக்லேட், கிராம்பு போன்ற சுவைகள் சேர்த்த சிகரெட்டுக்கு அந்த ஆண்டு செப்டம்பரிலேயே தடை வந்தது. மென்தாலை மட்டும் விட்டுவைத்தார்கள். தொழிலின் செல்வாக்கு எவ்வளவு என்பதற்கு அது அடையாளம். ஐரோப்பிய ஒன்றியம் 2020 மே மாதத்தில் மென்தால் சிகரெட்டையும் நிறுத்திவிட்டது. 2025 ஜனவரியில் அமெரிக்க நிர்வாகம் இன்னும் ஒரு படி போய், ஒரு கிராம் புகையிலையில் 0.7 மில்லிகிராமுக்கு மேல் நிகோடின் இருக்கக் கூடாது என்ற விதியை முன்மொழிந்தது. ஆளைப் பிடித்துவைக்கும் சக்தியையே சிகரெட்டிலிருந்து எடுத்துவிடும் முயற்சி அது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். விஷத்துக்கு என்ன தரம்? அரசு ஓர் அளவை நிர்ணயித்தால், அந்த அளவுக்குள் இருப்பது பாதுகாப்பானது என்று ஆகிவிடாதா? புகையிலை எதிர்ப்பில் வாழ்நாளைச் செலவழித்தவர்களே இந்தக் கவலையை எழுப்புகிறார்கள். அதை ஒதுக்கித் தள்ள முடியாது. ஏனென்றால், உலகம் ஒருமுறை இப்படி ஏமாந்திருக்கிறது.

‘லைட்’ சிகரெட்டின் கதை அது. சிகரெட்டின் தார் அளவை அளப்பதற்கு ஓர் இயந்திரம் இருக்கிறது. நிமிடத்துக்கு ஒருமுறை, இரண்டு விநாடி, 35 மில்லிலிட்டர் புகையை அது இழுக்கும். நிறுவனங்கள் ஃபில்டரைச் சுற்றிக் கண்ணுக்கு எளிதில் தெரியாத துளைகள் போட்டன. இயந்திரம் இழுக்கும்போது துளை வழியே வெளிக்காற்று கலந்து, தார் குறைவாகப் பதிவாகும். மனிதர் பிடிக்கும்போது விரலும் உதடும் அந்தத் துளைகளை அடைத்துக்கொள்ளும். உடம்பு கேட்கும் நிகோடின் கிடைக்கும் வரை அவர் ஆழமாக, அடிக்கடி இழுப்பார். அட்டையில் அச்சான எண் இயந்திரத்துக்கு உரியது. நுரையீரலுக்குப் போனது வேறு. பயந்து விட்டுவிட நினைத்தவர்கள் லட்சக்கணக்கில் ‘லைட்’டுக்கு மாறினார்கள். தெரிந்தே நிறுவனங்கள் மக்களை ஏமாற்றின என்று 2006-இல் அமெரிக்க நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் தீர்ப்பளித்தார்.

இதிலிருந்து கற்க வேண்டிய பாடத்தை ஐரோப்பா கற்றது. ஒரு சிகரெட்டுக்கு 10 மில்லிகிராம் தார், 1 மில்லிகிராம் நிகோடின், 10 மில்லிகிராம் கார்பன் மோனாக்சைடு என்ற உச்சவரம்பு அங்கே தொடர்கிறது. ஆனால், 2014-இல் வந்த வழிகாட்டு ஆணை, அந்த எண்களை அட்டையில் அச்சிடும் வழக்கத்துக்கு முடிவு கட்டியது. எண்ணைப் பார்ப்பவர் அதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்கிறார் என்பதே காரணம். அளவு ஆலைக்கு விதி. விளம்பரத்துக்கு அதில் இடமில்லை. இந்தியச் சட்டத்தின் 7ஆம் பிரிவு பொட்டலத்தில் எண்ணை அச்சிடச் சொல்வது 2003-இல் இருந்த அறிவு. அந்தப் பகுதியைத் திருத்தியாக வேண்டும். உச்சவரம்பு கட்டாயம் வேண்டும், ஆய்வக முடிவு அரசிடமும் ஆராய்ச்சியாளர்களிடமும் பகிரங்கமாக இருக்க வேண்டும், பொட்டலத்தில் மட்டும் அது கூடாது. இங்கே உதிரி சிகரெட் வாங்குபவர்கள் ஏராளம். அவர்கள் அட்டையைப் பார்ப்பதேயில்லை என்பதையும் நினைக்க வேண்டும். அவர்களைக் காக்க உள்ளடக்கத்தைத்தான் மாற்ற முடியும்.

வாயில் போடும் புகையிலையில் இந்தத் தேவை இன்னும் அவசரமானது. 2016-17-இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வயது வந்தோரில் 28.6 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் புகையிலை பயன்படுத்துகிறார்கள். புகைப்பவர்கள் 10.7 சதவீதம், மெல்வது முதலான புகையற்ற வகைகளைப் பயன்படுத்துபவர்கள் 21.4 சதவீதம். உலகின் வாய்ப் புற்றுநோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இந்தியாவில் இருப்பதற்கு இந்தக் கணக்கே காரணம் சொல்லும்.

மெல்லும் புகையிலையில் புற்றுநோயைத் தூண்டும் முக்கியப் பொருட்கள் நைட்ரோசமைன்கள். இலை செடியில் இருக்கும்போது இவை மிகக் குறைவு. பதப்படுத்தும்போதும் புளிக்கவைக்கும்போதும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்ற, அது புகையிலையின் ஆல்கலாய்டுகளோடு சேர்ந்து இவை பெருகுகின்றன. கிடங்கில் கிடக்கக் கிடக்க இன்னும் கூடலாம். எப்படிப் பதப்படுத்துகிறார்கள், எப்படிச் சேமிக்கிறார்கள் என்பதுதான் அளவைத் தீர்மானிக்கிறது. ஸ்வீடனில் ‘ஸ்னஸ்’ என்ற புகையிலையை உணவுச் சட்டத்தின் கண்காணிப்புக்குள் வைத்தார்கள். புளிக்கவைப்பதற்குப் பதிலாகச் சூடேற்றிப் பாக்டீரியாவைக் கொன்றார்கள், குளிர்பெட்டியில் வைத்து விற்றார்கள். நைட்ரோசமைன் அளவு பல மடங்கு இறங்கியது. ஒரு கிராம் உலர்ந்த புகையிலையில் முக்கியமான இரண்டு நைட்ரோசமைன்களும் சேர்ந்து 2 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு பரிந்துரைத்திருக்கிறது. இந்தியச் சந்தையின் பல கைனி, ஜர்தா வகைகளில் அதைப் போலப் பல மடங்கு இருந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சுண்ணாம்பு சேர்ப்பது காரத்தன்மையைக் கூட்டி, நிகோடின் வாயின் உள்தோல் வழியே வேகமாக ரத்தத்தில் கலக்க உதவுகிறது.

ஸ்னஸ் நல்லது என்பதல்ல இதன் பொருள். அதுவும் அடிமையாக்கும், புகையற்ற புகையிலை எல்லா வகையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் முடிவு. ஆனால், ஒரே செடியின் இலையில் ஓரிடத்தில் விஷம் குறைவாகவும் இன்னோரிடத்தில் கட்டுக்கடங்காமலும் இருப்பது இயற்கையின் செயல் இல்லை. இங்கே அதைக் குறைக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. தயாரிப்பாளருக்கும் செலவு செய்யக் காரணமில்லை. வாங்குபவர் பெரும்பாலும் ஏழை. அவர் வாயில் புண் வந்து, வாய் திறக்க முடியாமல் போகும் நாளில் எந்த ஆலையிடமும் கணக்குக் கேட்கப்படுவதில்லை.

பீடியின் கதை தனி. திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் முக்கூடல், மேலப்பாளையம், கடையநல்லூர், ஆலங்குளம் பக்கம் போனால் திண்ணைக்குத் திண்ணை சுளவை மடியில் வைத்துப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். நனைத்து ஈரத்துணியில் சுற்றிவைத்த இலையைத் தகட்டை அளவு வைத்துக் கத்தரியால் வெட்டுவார்கள். ஒரு சிட்டிகைத் தூளை வைத்து, விரல்களுக்கு நடுவே உருட்டி, தலையை மடக்கி, நூலைச் சுற்றுவார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. சாயங்காலம் கட்டுகளைப் பீடிக்கடையில் கொண்டுபோய்க் கொடுக்கும்போது அங்கே ஒருவர் கட்டைப் பிரித்து விரலால் அழுத்திப் பார்ப்பார். தளர்வாக இருக்கிறது, தூள் குறைவு, நுனி சரியில்லை என்று ஒதுக்கியவற்றுக்குக் கூலி கிடையாது. இலை போதாமல் போனால் தன் காசில் வாங்கிச் சேர்க்க வேண்டியதும் அந்தப் பெண்தான்.

இந்தியாவில் பீடிக்கு நடக்கும் ஒரே தரச் சோதனை இதுதான். இவ்வளவு கறாரான சோதனை அந்தப் பெண்ணின் கூலியைக் குறைக்க மட்டுமே பயன்படுகிறது என்பது பெரிய அநீதி. புகைப்பவரின் நெஞ்சுக்குள் என்ன போகிறது என்பதைப் பார்க்க அதில் ஒரு விரல் கூட நீளவில்லை. பீடியில் சிகரெட்டைவிடப் புகையிலை குறைவு; ஆனாலும் அதைவிட அதிகத் தாரும் கார்பன் மோனாக்சைடும் உள்ளே போகின்றன. பீடி இலை காற்றை எளிதில் விடாது, அடிக்கடி அணைந்துபோகும். அணையாமல் இருக்க விடாமல் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சிகரெட்டுக்கு உண்டாக்கிய அந்தச் சோதனை இயந்திரம் நிமிடத்துக்கு ஒருமுறை இழுத்தால் பீடி அணைந்துவிடும். ஆகவே ஆய்வகங்களில் பீடிக்கு இழுப்பின் வேகத்தை மாற்ற வேண்டியிருந்தது. வெளிநாட்டு அளவுகோலை அப்படியே எடுத்துவந்து ஒட்டினால் போதாது, இந்திய வாய்க்கும் இந்தியப் பொருளுக்கும் இங்கேதான் அளவுகோல் எழுத வேண்டும் என்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

பீடி என்றதும் அரசியல் இளகிவிடுகிறது. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. மன்றம் சிகரெட்டுக்கும் குட்காவுக்கும் 40 சதவீத வரியை முடிவு செய்த அதே கூட்டத்தில் பீடிக்கு 28-லிருந்து 18 ஆகக் குறைத்தது. தொழிலாளர்களின் பெயரால்தான் இது நடக்கிறது. தொழிலாளர்கள் மீது அத்தனை அக்கறை இருந்தால், பீடித் தொழிலாளர் மருத்துவமனைகளுக்கும் அவர்கள் பிள்ளைகளின் கல்வி உதவித்தொகைக்கும் பணம் கொடுத்துவந்த 1976-ஆம் ஆண்டின் நல மேல்வரியை 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது நீக்கியிருக்க வேண்டாம். சுமார் 50 லட்சம் பேர் நம்பியிருக்கும் தொழில் இது. நாள் முழுக்கத் தூளைச் சுவாசித்து, இருமிக்கொண்டே சுற்றும் பெண்ணுக்கு வரிக் குறைப்பால் கூலி எவ்வளவு உயரும் என்று அரசு எங்கும் எழுதவில்லை. பீடித் தயாரிப்புக்கு விதி எழுதும்போது, வீட்டில் சுற்றுபவர் மீது ஒரு சுமையும் ஏறாமல், தூளை அரைத்துக் கலந்து அனுப்பும் நிறுவனத்தின் மீதே முழுப் பொறுப்பும் வர வேண்டும். தூளில் என்ன இருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

அரசின் தயக்கத்துக்குக் காரணங்கள் ஒளிவுமறைவானவை இல்லை. புகையிலையிலிருந்து வரும் வரி வருவாய் நிதி அமைச்சகத்துக்கு வேண்டும். குண்டூரில் இருக்கும் புகையிலை வாரியம் வணிக அமைச்சகத்தின் கீழ், விர்ஜீனியா இலையின் ஏற்றுமதிக்காக உழைக்கிறது. அங்கே நிறம், செடியில் இலை இருந்த இடம் எல்லாம் பார்த்துத் தரம் பிரிக்கும் நேர்த்தியைப் பார்த்தால், தரக்கட்டுப்பாடு இந்தியர்களுக்கு வராது என்று யாரும் சொல்ல முடியாது. நாட்டின் மிகப் பெரிய சிகரெட் நிறுவனத்தில் எல்.ஐ.சி.க்குச் சுமார் 15 சதவீதப் பங்கு இருக்கிறது. இத்தனைக்கும் 2004-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை ஏற்றபோது, பொருளின் உள்ளடக்கத்தையும் புகையையும் சோதித்துக் கட்டுப்படுத்துவோம் என்று இந்தியா உலகுக்கு வாக்குக் கொடுத்தது. அந்த உடன்படிக்கையின் 9, 10ஆம் பிரிவுகள் அதைத்தான் கேட்கின்றன. சுகாதார அமைச்சகம் 2020 இறுதியில் கோட்பாவுக்கு ஒரு திருத்த வரைவை வெளியிட்டது. விற்பனை வயதை 21 ஆக்குவது, உதிரி விற்பனையைத் தடுப்பது போன்ற நல்ல யோசனைகள் அதில் இருந்தன. அது சட்டமாகவில்லை. இப்போதுள்ள சட்டத்தில் தயாரிப்பாளர் அளவுக் குறிப்பு விதியை மீறினால் முதல் முறைக்கு அபராதம் 5,000 ரூபாய் வரைதான். சிறைத் தண்டனைக்கு இடமிருந்தும் எண்ணே இல்லாத விதியை மீறியதாக யாரைப் பிடிப்பது?

புகையிலையால் இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 13.5 லட்சம் பேர் இறக்கிறார்கள். இத்தனை பேரைக் கொல்லும் ஒரு பண்டத்தை முழுவதும் தடை செய்துவிடலாமே என்ற குரலில் நியாயம் உண்டு. ஆனால், தமிழகத்தின் பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலான அனுபவம், ஆலைகள் ஓடிக்கொண்டிருக்கும்போது கடையில் மட்டும் போடும் தடை எவ்வளவு தூரம் போகும் என்பதைக் காட்டிவிட்டது. அதனால் வரிசை மாற வேண்டும். மென்தால், புதினா, பழவாசனை உள்ளிட்ட எல்லாச் சுவையூட்டிகளும் புகையிலையில் சேர்வது ஆலையிலேயே நிற்க வேண்டும். மெல்லும் புகையிலைக்கு நைட்ரோசமைன் உச்சவரம்பு வேண்டும். அதற்குள் வராத சரக்கு ஆலையை விட்டு வெளியேறக் கூடாது. தனித்தனிப் பொட்டலமாகப் போட்டுச் சேர்த்து விற்பதை ஒரே பொருளாகக் கருதும் திருத்தம் வேண்டும். தென்னிந்தியாவில் ஒரு தேசியப் புகையிலைச் சோதனை ஆய்வகம்கூட இல்லாத நிலை மாற வேண்டும். பிடிபட்ட சரக்கை எங்கள் மாநிலத்திலேயே சோதித்து முடிவை வெளியிடுவோம் என்று சொல்லித் தமிழக அரசு அந்த ஆய்வகத்தைக் கேட்டு வாங்கலாம்.

நிகோடின், தார் உச்சவரம்பை அறிவிக்கப் புதிய சட்டம் தேவையில்லை. 2003-ஆம் ஆண்டின் சட்டமே அந்த அதிகாரத்தைச் சுகாதார அமைச்சகத்துக்குக் கொடுத்திருக்கிறது; அரசிதழில் ஓர் அறிவிக்கை போதும். தமிழகத்திலிருந்து மக்களவைக்குப் போயிருக்கும் 39 உறுப்பினர்களும் கட்சி பேதமின்றி அடுத்த கூட்டத்தொடரில் அமைச்சரிடம் எழுத்துபூர்வமாகக் கேட்க வேண்டும்: அந்த அறிவிக்கை எந்தத் தேதியில் வரும்?